பிஸ்டனுக்கும் ராடுக்கும் கல்யாணம்!



இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, அரியர் எல்லாம் விழாது. ‘கனெக்டிங் ராடு எதுக்கு?’ என்று கேட்டால், மெக்கானிக்கல் மக்கள் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்: ‘பிஸ்டன் மேலும் கீழும் போவதை கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியாக மாற்ற!’ ஃபுல் மார்க். சரி, அந்தப் பிஸ்டனையும் ராடையும் எப்படிச் சேர்ப்பீர்கள்?

என்ன, சத்தத்தையே காணோம்!

உங்க மேல தப்பில்லை. நம்ம ‘கைனமேட்டிக்ஸ்’ புத்தகத்தில் ஸ்லைடர் கிராங்க் படத்தைப் பாருங்க. பிஸ்டனும் ராடும் சேரும் இடத்தில் ஒரு குட்டி வட்டம் மட்டும்தான் இருக்கும். பென்சிலால் ஒரு சுழி. வேகம் கண்டுபிடிச்சோமா, முடுக்கம் கண்டுபிடிச்சோமா, அடுத்த கணக்குக்குப் போனோமா என்று கிளம்பிவிடுவோம். ஆனால், ஓர் இன்ஜின் பல வருஷம் ஓடுமா, இல்லை பாதி வழியில் சிலிண்டரைக் கீறிக்கொண்டு நிற்குமா என்பதில் அந்தச் சுழிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்தச் சுழியை நேரில் பார்க்கத்தான் செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஆர்ட்ஸ் காலேஜ் மக்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இது கல்யாணக் கதை. ஜோடிப் பொருத்தம், முகூர்த்தத் தேதி, நடுவில் ஒரு சண்டை, எல்லாம் உண்டு.

அம்பாசடர் இன்ஜினுக்குள்ளே...

பட்டறை மேஜையில் இருந்தது 1968 மாடல் அம்பாசடர், மார்க் 2. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் பிறந்து, 2014 மே மாதம் தயாரிப்பு நின்றுபோன அதே அம்பாசடர்தான். அதன் ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ வகை. சிலிண்டரின் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., நாலு சிலிண்டர். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க, 1489 சி.சி. வரும்.

காரின் ஓனர் முன்னாள் டாக்ஸி டிரைவர். அறுபதைத் தாண்டியவர். வண்டியைப் பளபளவென்று வெள்ளை பெயின்ட் அடித்து, கல்யாண ஊர்வலங்களுக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறார். வீட்டு வருமானமே அதுதான். புகை கக்குது, சத்தம் வருது என்று இன்ஜினை இறக்கியாச்சு. தை மாசத்தில் மூன்று முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸும் வாங்கியாச்சு!

வேலை பார்ப்பவரைத் தெருவே ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே.

பாய் முதலில் ஒரு பழைய பிஸ்டனைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே எதிரெதிராக இரண்டு காதுகள். ஒவ்வொரு காதிலும் ஓர் ஓட்டை. ராடின் தலை அந்த இரண்டு காதுகளுக்கும் நடுவில் வந்து உட்காரும். மூன்று ஓட்டைகளையும் கோத்துக்கொண்டு ஒரு பின் போகும். அதுதான் கட்ஜன் பின். பட்டறை பாஷையில் பிஸ்டன் பின். நம்ம புத்தகத்துச் சுழி சாட்சாத் இதுதான்!

மூணு வகைத் தாலி

இந்தப் பின் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தால், எஃகு முனை சிலிண்டர் சுவரை உழுதுவிடும். அப்புறம் ரீபோர், லைனர், பெரிய செலவு. அதனால், பின்னைப் பிடித்து வைக்கத்தான் எல்லா வித்தையும். இதில் மூன்று வழிகள்.

முதல் வழி, போல்ட் போட்டுப் பிடிப்பது. ராடின் தலையில் ஒரு பிளவு இருக்கும். பின்னின் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் படிகிற மாதிரி ஒரு போல்ட்டைத் திருகி, பிளவை இறுக்கினால் பின் ராடோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டனின் காதுக்குள் மட்டும் சுழலும். நம்ம அம்பாசடர் இந்த ஜாதி.

இரண்டாவது வழி, பின் ராடிலும் சுழலும், பிஸ்டனிலும் சுழலும். எந்தப் பக்கமும் கட்டுப்பாடு இல்லை. வெளியே போகாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் சர்க்லிப் பூட்டுவார்கள். ராடின் தலையில் வெண்கல புஷ் இருக்கும்.

மூன்றாவது வழி, ராடின் ஓட்டையைப் பின்னைவிடக் கொஞ்சம் சின்னதாக வைப்பது. ராடின் தலையைச் சூடாக்கி, அது விரிந்திருக்கும்போது பின்னைச் சட்டென்று செருகிவிட வேண்டும். ஆறினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். போல்ட்டும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். ஆனால், கை தயங்கினால் பின் பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். ரீடேக் கிடையாது!

இங்கிலாந்தின் புகழ்பெற்ற ‘மினி’ காரை எடுத்துக்கோங்க. அதில் 848 சி.சி. இன்ஜினுக்குப் போல்ட், 998 சி.சி.க்கு சர்க்லிப், 1275 சி.சி.க்கு இறுக்கப் பொருத்தம். ஒரே குடும்பம், மூணு வழக்கம். அதனால் ‘பழைய கார்னா இப்படித்தான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீங்க. கழற்றும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 20 மி.மீ. ஓட்டை உள்ள அலுமினிய பிஸ்டனை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால், ஓட்டை 0.03 மி.மீ. பெரிதாகும். தலைமுடியில் பாதி தடிமன்கூட இல்லை. ஆனால், சர்க்லிப் வகையில் முரண்டு பிடிக்கும் பின், பிஸ்டனை வெந்நீரிலோ சூடான எண்ணெயிலோ போட்டு எடுத்தால் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போய்விடும். அதைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் பிஸ்டன் காது பாழ், ராடும் வளையும். ‘லீனியர் எக்ஸ்பான்ஷன்’ ஃபார்முலாவுக்கு வேலையே இல்லை என்று இனிமே சொல்லாதீங்க பாஸ்!

ஜோடி மாறினால் போச்சு

கழற்றும்போது பாய் செய்த முதல் வேலை ஸ்பானரை எடுப்பது இல்லை. நம்பரைத் தேடுவது. ஒவ்வொரு ராடிலும், அதன் அடிப்பக்க மூடியிலும் சிலிண்டர் நம்பர் குத்தியிருக்கும். 1, 2, 3, 4. இல்லாவிட்டால் கழற்றும் முன்பே நாமே அடையாளம் போட்டுவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? ராடின் அடிப்பக்க வட்டத்தை, மூடியைப் போட்டு போல்ட் இறுக்கிய பிறகுதான் கடைந்திருப்பார்கள். பாதி வட்டம் ராடில், பாதி வட்டம் மூடியில். இரண்டும் சேர்ந்தால்தான் முழு வட்டம். 2-ம் நம்பர் மூடியை 3-ம் நம்பர் ராடில் போட்டால் போல்ட் ஏறும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால், வட்டம் வட்டமாக இருக்காது. பேரிங் அங்கேயே காலி.

திசையும் அப்படித்தான். பிஸ்டன் தலையில் முன்பக்கத்தைக் காட்ட எழுத்தோ அம்புக்குறியோ இருக்கும். ‘உருண்டையா இருக்கறதுக்கு எந்தப் பக்கம் முன்னாடி, எந்தப் பக்கம் பின்னாடி?’ என்று நானும் கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டே மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். பிஸ்டனின் கீழ்ப்பகுதியில், பின் போகும் திசையில் ஓர் அளவு. அதற்குக் குறுக்கே அதைவிட அதிகம். பிஸ்டன் வட்டமே இல்லை மக்களே, முட்டை வடிவம்! பின் இருக்கும் பக்கம் உலோகம் அதிகம், சூட்டில் அதிகம் விரியும். அதனால், அங்கே முன்கூட்டியே குறைத்துக் கடைகிறார்கள். தலைப்பக்கம் அதிகச் சூடு என்பதால் மேலே இன்னும் சின்னது. சூடேறி ஓடும்போதுதான் அது தன் சரியான உருவத்துக்கே வருகிறது.

போதாக்குறைக்கு, பல இன்ஜின்களில் பின்னின் ஓட்டை பிஸ்டனின் நட்ட நடுவில் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் வாக்கில் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எரிபொருள் வெடித்துப் பிஸ்டனை அமுக்கும்போது அது சிலிண்டரின் ஒரு பக்கச் சுவரில் போய்ச் சாயும். அந்த மோதல் மெதுவாக நடக்கத்தான் இந்த ஏற்பாடு. பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் ‘டக் டக்’ என்று காலம்பூரா கச்சேரிதான்.

பழைய பிஸ்டன் சொன்ன ரகசியம்

இப்போ சண்டைக்கு வருவோம்.

புது பிஸ்டன் செட் வந்தாச்சு. பிஸ்டன் விஷயத்தில் நம்ம சென்னைக்குப் பழைய சொந்தம் உண்டு. செம்பியத்தில் இருக்கும் ‘இந்தியா பிஸ்டன்ஸ்’ தொடங்கியது 1949-ல். பாய் வாங்கியது ‘இருபது’ சைஸ். அதாவது, ஒரிஜினலைவிட 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர் வாக்கில் பெரிது. தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன். ஓனர் முகத்தில் சிரிப்பு. ‘நாளைக்கு மாட்டிடலாம்ல பாய்?’

பாய் பதில் சொல்லவில்லை. கழற்றிப் போட்ட நாலு பழைய பிஸ்டன்களையும் வரிசையாக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தவர், ‘இங்க பாரும்மா’ என்று என்னைக் கூப்பிட்டார். மற்ற மூன்றிலும் தேய்மானத் தழும்பு நேராக, நடுவில் இருந்தது. இதில் மட்டும் கோணல். ஒரு பக்கம் மேல் ஓரத்திலும், எதிர்ப்பக்கம் கீழ் ஓரத்திலும் தேய்ந்திருந்தது.

‘பழச எப்பவும் தூக்கிப் போடக் கூடாதும்மா. டாக்டர் ரிப்போர்ட்டு இதுலதான் இருக்கு. ராடு வளைஞ்சிருக்கு.’

லேத் பட்டறையில் ராடைக் கருவியில் மாட்டி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால், வளைவு வளைவுதானே.

‘அண்ணே, மிக்ஜாம் புயல்ல வண்டி தண்ணில நின்னுச்சா?’ 2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் கேட்டார்.

‘வேளச்சேரில நின்னுச்சு பாய்.’

‘தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் போட்டுப் பார்த்தீங்களா?’

ஓனர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த இடத்தை நல்லா கவனிங்க, பைக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். கீழே கிராங்க் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிய ராடுதான் வளையும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சந்தேகம் என்றால் தள்ளிக்கொண்டு போங்க, அவமானமே இல்லை!

ஓனருக்கு அவசரம். ‘இத்தன நாள் ஓடுச்சே பாய். புது பிஸ்டன்தான போடறோம், ஓடற வரைக்கும் ஓடட்டும். வியாழக்கிழமை முகூர்த்தம், அட்வான்ஸ் வாங்கிட்டேன்.’

‘வளைஞ்ச ராடுல புதுசு மாட்டுனா, புதுசும் கோணலாத்தான் தேயும் அண்ணே. மாப்பிள்ளையையும் பொண்ணையும் நடு ரோட்டுல இறக்கிவிட்டா உங்களுக்கு மானம் போகும், எனக்கும் போகும்.’

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை. டீ வந்தது, குடித்தார்கள். அப்புறம் ஓனர் செல்போனை எடுத்து, தெரிந்த இன்னொரு வண்டிக்காரருக்கு அந்த வியாழக்கிழமை சவாரியை மாற்றிவிட்டார். அட்வான்ஸும் கைமாறியது. அன்றைய வாடகை போச்சு. அந்த வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

10 கிராம் எத்தனை கிலோ?

அடுத்த வேலை, நேரான ராடு ஒன்று தேடுவது. முதல் கடையில் ராடு இருந்தது, ஆனால் மூடி வேற நம்பர். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கடையில்தான் ராடும் மூடியும் ஒரே நம்பரோடு கிடைத்தது. லேத்தில் நேர் பார்த்து, வட்டமும் அளந்து, ஓகே சொன்ன பிறகுதான் காசு.

அப்புறம் பாய் எடுத்தது தராசு. நகைக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி. நாலு பிஸ்டன்கள், நாலு பின்கள், நாலு ராடுகள், எல்லாவற்றையும் எடை போட்டு சாக்பீஸால் மேஜையில் எழுதினார். கனமான பிஸ்டனுக்கு லேசான பின், லேசான பிஸ்டனுக்குக் கனமான பின். சும்மா மாற்றி வைத்ததிலேயே பாதி வித்தியாசம் காணாமல் போனது. புதிதாக வந்த ராடு மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கனம். எதோடும் உரசாத பரப்பில் துளித் துளியாகச் சீவிச் சரிக்கட்டினார்.

சில கிராமுக்கா இத்தனை பாடு என்று தோணுதா? நோட்டை எடுங்க. ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. என்றால் கிராங்க் ஆரம் 44.45 மி.மீ. இன்ஜின் 4,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. உச்சியில் பிஸ்டனின் முடுக்கத்தைக் கணக்குப் போட்டால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 1,000 மடங்கு வருகிறது! அதாவது, 10 கிராம் வித்தியாசம் அந்த வேகத்தில் 10 கிலோ மாதிரி இழுக்கும். பிஸ்டனும் பின்னும் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொண்டால், உச்சியில் அது அரை டன் மாதிரி. ஒரு விநாடிக்கு 133 தடவை நின்று நின்று திரும்புகிறது. இவ்வளவையும் தாங்குவது விரல் தடிமன் பின். அதைப் பிடித்திருப்பது ஒரு சின்ன போல்ட்.

கெட்டிமேளம்!

கடைசியில் அந்த நாள் வந்தது. பார்த்ததை அப்படியே சொல்கிறேன். போல்ட் வகை இன்ஜின் உங்க கைக்கு வந்தால் உதவும்.

பிஸ்டனின் காது, பின், ராடின் தலை, மூன்றையும் துடைத்துச் சுத்தமான எண்ணெய் தடவினார். பிஸ்டன் முன்பக்கக் குறியும், ராடின் நம்பர் இருக்கும் பக்கமும், கழற்றும்போது எழுதி வைத்த குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பின்னைக் கை அழுத்தத்திலேயே உள்ளே தள்ளினார். இந்த வகையில் சாதாரண வெப்பத்திலேயே கையால் போக வேண்டும். சுத்தியல் கேட்டால் தப்பு, தானாக விழுந்தாலும் தப்பு.

பிறகு, பின்னின் பள்ளம் போல்ட் ஓட்டைக்கு நேராக வரும்படி திருப்பி, போல்ட்டை விரலாலேயே திருகினார். ‘விரல்ல போகணும்மா. பாதில முட்டுச்சுன்னா பள்ளம் நேரா இல்லைன்னு அர்த்தம். அங்க போய் ஸ்பானர் போட்டா, போல்ட்டு மரை போயிடும்.’ போல்ட்டும் அதன் ஸ்பிரிங் வாஷரும் புதுசு. பழைய வாஷர் தட்டையாகிப் போயிருந்தது.

இறுக்கும்போதுதான் முக்கியமான சமாசாரம். ராடை வைஸில் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினால், ராடே முறுக்கிக்கொள்ளும். சரி பார்த்து வாங்கின ராடு பட்டறையிலேயே வளைஞ்சு போகும். அதனால், குழாய் மாதிரி இருக்கும் பின்னின் இரண்டு முனைகளிலும் கடைந்த கட்டைகளைச் செருகி, அந்தக் கட்டைகளை வைஸில் பிடித்தார். அளவு வைத்த டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினார். பிஸ்டனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். எங்கும் இடிக்காமல், எங்கும் லொடலொடக்காமல் சாய்ந்தது. நாலு ஜோடிக்கும் இதேதான்.

அப்புறம் ரிங்குகள். வாய்கள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, மேலிருந்து சிலிண்டருக்குள் இறக்கினார். இந்த ராடின் அடிப்பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதே, 73 மி.மீ. துளை வழியே அது நுழையத்தான். ஒவ்வொரு ஜோடி இறங்கியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று. ஏதாவது இறுகினால் அப்பவே தெரிந்துவிடும், நாலும் மாட்டிய பிறகு தேட வேண்டாம்.

இரண்டாவது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வண்டி ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. ‘டக் டக்’ இல்லை. ஓனர் பானெட்டில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பாயின் தோளைத் தட்டினார். புது ரிங்குகள் சிலிண்டரோடு பழகும் வரை மிரட்டாமல் ஓட்டணும் என்பது பாயின் கண்டிஷன். மாப்பிள்ளை ஊர்வல வேகத்தில் அதுக்குப் பிரச்னையே இல்லை!

இப்போ உங்க டர்ன்

‘எல்லாம் எலெக்ட்ரிக் ஆகப் போகுது, பிஸ்டனைக் கட்டிக்கிட்டு என்ன செய்ய?’ என்று ஹாஸ்டல் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால், ரோட்டில் ஓடும் லாரி, டிராக்டர், நம்ம அப்பாவின் பைக், இதெல்லாம் நாளைக்கே நிற்கப் போவதில்லை. அதைவிட, பாய் காட்டிய பழக்கங்களுக்கு இன்ஜினே தேவையில்லை. கழற்றும் முன் குறி போடு. ஜோடியைப் பிரிக்காதே. தேய்ந்ததைத் தூக்கிப் போடும் முன் அது என்ன சொல்கிறது என்று பார். கையால் போக வேண்டியது கையால் போகாவிட்டால், பலத்தைக் கூட்டாதே, காரணத்தைத் தேடு. எந்த மெஷினுக்கும் இது செல்லும்.

உங்க காலேஜ் ஆட்டோமொபைல் லேபிலும் ஒரு மூலையில் தூசியோடு ஒரு பழைய இன்ஜின் கிடக்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் அனுமதி வாங்கி, ஒரே ஒரு பிஸ்டனைக் கையில் எடுங்க. பின் எந்த வகை? முன்பக்கக் குறி எங்கே? ராடும் மூடியும் ஒரே நம்பரா? தழும்பு நேரா, கோணலா? நாலு கேள்விக்கும் பதில் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்க. கோணல் தழும்போடு வரும் கடிதத்துக்கு முன்னுரிமை!

கை கழுவ மறக்காதீங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!